செட்டிநாட்டில் ஊட்டச்சத்து அமைப்பு தொடங்க நினைப்பவர்களுக்கு: அடுப்படியிலிருந்து ஆரம்பியுங்கள்

செட்டிநாட்டில் தர்ம காரியத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கோயில் திருப்பணி, பள்ளிக்கூடம், ஊரணி, நகர விடுதி, பழனிப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழியெங்கும் சாப்பாடு என்று கொடுத்துப் பழகிய ஊர்கள் இவை. ஆனால் ஊர் மக்களின் ஆரோக்கியத்துக்காக என்று புதிதாகக் கிளம்பும் குழுக்கள் பெரும்பாலும் செய்வது இரண்டே வேலை: சத்துமாவுப் பொட்டலம் கொடுப்பது, ஒரு நாள் மருத்துவ முகாம் நடத்துவது. பொட்டலம் பத்து நாளில் தீர்ந்துவிடும். முகாமில் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்துகொண்டவர் அடுத்த மாதம் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்க ஆள் இருக்காது. ஒரு வீட்டில் மாதம் எவ்வளவு உப்பும் எண்ணெயும் செலவாகின்றன, தட்டில் எவ்வளவு காயும் பயறும் விழுகின்றன என்ற அளவுகள் மாறினால்தான் உடம்பு மாறும். அந்த வேலையைத் தொடங்குவது எப்படி என்பதற்கான வழிகாட்டி இது.

முதல் வேலை: ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள்

"காரைக்குடி வட்டாரம் முழுவதும்" என்று எழுதிக்கொண்டு தொடங்காதீர்கள். ஒரு வார்டு அல்லது ஒரு குக்கிராமம், 100 முதல் 150 வீடுகள் போதும். வேலை செய்ய ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். ஆளுக்கு 25 வீட்டுக்கு மேல் மாதாமாதம் போய்வர முடியாது.

குன்றக்குடி அடிகளார், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வக விஞ்ஞானிகளின் துணையோடு நடத்திய கிராமத் திட்டம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரே கிராமத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே ஊன்றி நின்றதுதான் அதன் பலம். அதே அடக்கத்தோடு தொடங்குங்கள்.

தெரு முடிவானதும் பார்க்க வேண்டியவர்கள்: அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர், மகளிர் குழுத் தலைவி, ஊராட்சிச் செயலர். இவர்களைக் கேட்காமல் முகாம் போட்டுவிட்டால், அவர்கள் ஏற்கெனவே செய்துவரும் வேலையைக் குறை சொல்ல வந்தவர்களாகவே உங்களைப் பார்ப்பார்கள். எந்த வீட்டில் குழந்தை எடை ஏறவில்லை, யார் மாத்திரையை வாங்கிக் கொல்லையில் போடுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். "உங்கள் பதிவேட்டில் எந்த வேலைக்கு ஆள் போதவில்லை?" என்று கேளுங்கள். அங்கிருந்து பேச்சு நன்றாக நகரும்.

செட்டிநாட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, ஆச்சி மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் உண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரக் குடும்பங்களும் உண்டு. தனியாக இருக்கும் முதியவர் பலர், ஒருவருக்காக அடுப்பு மூட்டுவானேன் என்று இரவில் காபியும் ரஸ்க்குமாக முடித்துக்கொள்வார்கள். வசதியான வீடு என்று நினைத்து அந்த வாசலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பசி இல்லாத வீட்டிலும் புரதக் குறைவு இருக்கும்.

இரண்டாவது: அடுப்படிக் கணக்கு

"காய்கறி சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதனால் அப்படிக் கேட்கக் கூடாது. வாங்கும் பொருளின் அளவைக் கேளுங்கள்.

"ஒரு கிலோ உப்பு எத்தனை நாளைக்கு வருகிறது?" இந்த ஒரு கேள்வி பல பரிசோதனைகளுக்குச் சமம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு போதும். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் இரண்டு மடங்கு போகிறது. இதில் அப்பளம், வற்றல், ஊறுகாய், கருவாடு, கடைப் பலகாரம் ஆகியவற்றின் உப்பு சேரவில்லை. அதைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

எண்ணெய்க்கும் இதே முறைதான். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரி தேவைப்படுபவருக்குச் சொல்லும் ஒரு நாள் அளவு இது: தானியம் 250 கிராம், பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து 85 கிராம், கீரையும் காயும் 400 கிராம், பழம் 100 கிராம், கடலை எள் போன்றவை 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம். நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் மாதம் சுமார் மூன்றரை லிட்டர் எண்ணெய். காய்கறி ஒரு நாளைக்கே ஒன்றரைக் கிலோவுக்கு மேல். வாரச் சந்தையில் நான்கு கிலோ காய் வாங்கி வாரம் முழுக்க ஓட்டும் வீட்டில் எவ்வளவு குறைகிறது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அரிசிக் கணக்கைப் பார்த்தால் பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும்.

கணக்கெடுக்கப் போகிறவர் செய்யும் தவறு, கேட்கும்போதே அறிவுரை சொல்வது. "இவ்வளவு எண்ணெயா!" என்று ஒருமுறை வாய் தவறிவிட்டால் அடுத்த வீட்டிலிருந்து குறைத்தே சொல்வார்கள். சேதி தெருவில் உங்களுக்கு முன்னால் போய்விடும். முதல் சுற்றில் எழுதிக்கொண்டு மட்டும் வாருங்கள்.

அளவெடுப்பதில் வரும் பிழைகள்

எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை நீங்களே பார்க்கலாம். ரத்தப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திடம் விட்டுவிடுங்கள்.

எடைக் கருவியைச் சமமான கெட்டித் தரையில் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை நல்லது. பாயிலோ மண் வாசலிலோ வைத்தால் எடை தவறும். எடை தெரிந்த ஓர் அரிசிச் சிப்பத்தை வைத்து ஒவ்வொரு நாளும் சரிபாருங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் இருந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

ரத்த அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றக் கூடாது. அரை மணிக்குள் காபி குடித்திருந்தாலோ வெற்றிலையோடு புகையிலை போட்டிருந்தாலோ காத்திருக்கச் சொல்லுங்கள். இரண்டு முறை எடுங்கள். 140/90 தாண்டினால் வேறொரு நாள் மறுபடி பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். 180/120 என்றால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மேல்கைச் சுற்றளவு நாடா போதும். இடது கையின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், தோலை அழுத்தாமல் சுற்ற வேண்டும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு. அந்தக் குழந்தைக்கு உங்கள் கஞ்சி போதாது. அன்றே செவிலியரிடம் அழைத்துப் போங்கள்.

ரத்த சோகைப் பரிசோதனை நடக்கும்போது கூட இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விரலைக் குத்திவிட்டு ரத்தம் வரவில்லை என்று பிதுக்கினால் திசு நீரும் கலந்துவிடும். அளவு இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் (100 மில்லி ரத்தத்தில்) 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11 என்பது எல்லைக்கோடு. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே போனால் கீரை, பேரீச்சை என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, மருத்துவமனைதான்.

மூன்றாவது: ஒரே ஓர் இலக்கை எடுங்கள்

கணக்கு கையில் வந்ததும் ஐந்து பிரச்சினை தெரியும். ஒன்றை மட்டும் எடுங்கள். தெருவில் இளம் பெண்கள் அதிகம் என்றால் ரத்த சோகை. முதியவர்கள் அதிகம் என்றால் உப்பு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை இருக்கிறது. ஆகவே எந்தத் தெருவை எடுத்தாலும் அந்த வேலை இருக்கும்.

ரத்த சோகையில் பலன் தருவது சாதாரண விஷயங்கள்தான். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையை 180 நாள் விடாமல் சாப்பிட வைப்பது முதல் வேலை. பாதியில் நிறுத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் குமட்டலும் மலம் கறுப்பதும். கறுப்பது இயல்பு என்று முன்பே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். காபி, டீ குடிப்பதற்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கீரையில் இருக்கும் இரும்புச்சத்தில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும்; அதோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும். கறி சாப்பிடும் வீட்டில் ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) நல்லவை.

ரேஷன் அரிசியைப் பற்றியும் பேசியாக வேண்டும். நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் செறிவூட்டிய மணிகள் கலந்திருக்கலாம். நிறம் கொஞ்சம் வேறு, களையும்போது சில மிதக்கும். இதைப் "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறியும் வீடுகள் இன்னும் உண்டு. அவை அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் அச்சிட்டவை. சொல்வதைவிடக் காட்டுவது மேல்: ஒரு கைப்பிடி மணியைத் தனியாகப் பொறுக்கி, அவர்கள் முன்னாலேயே வேகவைத்து நசுக்கிக் காட்டுங்கள். சோறாக மசியும். ரொம்பக் களையாமல், கஞ்சியை வடித்துக் கொட்டாமல் சமைக்கச் சொல்லுங்கள். தலசீமியா உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது: சமையலை மாற்றுவது

செட்டிநாட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் வேண்டியதில்லை. மண்டி, கூட்டு, மசியல், இளங்குழம்பு என்று பயறும் காயும் சேர்ந்த அருமையான சமையல் அது. சிக்கல், விசேஷ வீட்டுப் பலகாரம் தினப்படிப் பலகாரமானதில் இருக்கிறது. கவுனி அரிசியைப் பாருங்கள். தவிட்டோடு கூடிய கறுப்பு அரிசி, நல்ல தானியம். ஆனால் இங்கே அதைச் சர்க்கரை, தேங்காய், நெய் போட்டு இனிப்பாகவே சாப்பிடுகிறோம். இரவெல்லாம் ஊறவைத்துக் கஞ்சியாகவோ புட்டாகவோ செய்தால் நல்லது. அப்போதும் அது மாவுச்சத்துதான். சர்க்கரை உள்ளவர் அளவில்லாமல் சாப்பிட முடியாது. விலையும் சாதா அரிசியைப் போலப் பல மடங்கு. கவுனியை மையமாக வைத்து ஏழை வீடுகளுக்குத் திட்டம் போடாதீர்கள். கருப்பட்டியும் அப்படித்தான்: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகப் போட்டால் நோய் வராது என்று நம்ப வைப்பது பாவம்.

சமையல் வகுப்புக்கு அந்தத் தெரு ஆச்சிகளில் ஒருவரையே சமைக்கச் சொல்லுங்கள். நீங்கள் தராசோடு பக்கத்தில் நின்றால் போதும். தொடக்கத்துக்கு வெண்டைக்காய் மண்டி பொருத்தம். நான்கு பேருக்கு: வெண்டைக்காய் 250 கிராம், காய்ந்த மொச்சை 100 கிராம் (இரவே ஊறவைத்து வேகவைத்தது), சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு பத்துப் பல், பச்சை மிளகாய் நான்கு, நெல்லிக்காய் அளவு புளி, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் இரண்டு டம்ளர், எண்ணெய் மூன்று டீஸ்பூன், தூள் உப்பு தலை தட்டி ஒரு டீஸ்பூன். வெண்டைக்காயை முதலில் தனியே வதக்கி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கொழகொழப்பு குழம்பில் இறங்கிவிடும், "எண்ணெய் குறைத்ததால்தான் இப்படி" என்று பழி உங்கள் மேல் விழும். மொச்சையை வழக்கத்தைவிட இரண்டு மடங்காக்கியதுதான் இங்கே செய்த மாற்றம். உப்பைக் கடைசியில், இறக்குவதற்குச் சற்று முன் போட்டால் குறைந்த உப்பே நாக்குக்குத் தெரியும்.

கல் உப்பு டீஸ்பூனும் தூள் உப்பு டீஸ்பூனும் ஒரே எடை அல்ல. வீட்டில் எந்த உப்போ அதையே தராசில் நிறுத்து, அவர்கள் கரண்டியிலேயே எவ்வளவு என்று அடையாளம் காட்டிக் கொடுங்கள்.

அன்னதானக் கூடத்திலும் கல்யாண வீட்டிலும் அதிகாரம் தலைமைச் சமையல்காரர் கையில். அவரைச் சேர்க்காமல் எதுவும் நடக்காது. 100 பேர் மதியச் சாப்பாட்டுக்கு அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு 3 கிலோ, காய் 15 கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், எல்லாப் பதார்த்தத்துக்கும் சேர்த்து உப்பு 200 கிராம் என்பதை இலக்காக வைக்கலாம். முதல் நாளே கேட்காதீர்கள். அவர் வழக்கமாகப் போடும் அளவை நான்கைந்து முறை நிறுத்து மட்டும் எழுதுங்கள். பிறகு சில வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும், திடீரென்று பாதியாக்கினால் பந்தியிலேயே உப்பு கேட்பார்கள்.

சத்துமாவு தயாரித்தே ஆக வேண்டும் என்றால்

ஒரு கிலோவுக்கு: முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு 500 கிராம், பாசிப்பயறு 200, பொட்டுக்கடலை 150, நிலக்கடலை 150. கேழ்வரகை 12 மணி நேரம் ஊறவைத்து, துணியில் 24 மணி நேரம் கட்டி வைத்து, நிழலில் நன்றாகக் காயவையுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும்; சேர்த்து வறுத்தால் கடலை கருகும், பயறு வேகாது. நிலக்கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எதையும் சேர்க்காதீர்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. மில்லில் மிளகாய் அரைத்த மெஷினில் கொடுத்துவிட்டால் குழந்தைகள் தொட மாட்டார்கள். அரைத்த சூட்டோடு பொட்டலம் கட்டினால் உள்ளே வியர்த்து மாவு கெடும். விரித்து ஆறவைத்துக் கட்டி ஒரு மாதத்துக்குள் செலவழியுங்கள். உறையில் தேதியும் பொருள்களும் "நிலக்கடலை உள்ளது" என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும்.

லாபமில்லாத அமைப்புதானே என்று உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவை விட்டுவிடக் கூடாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் லாப நோக்கம் உள்ளது, இல்லாதது என்று பிரிக்கவில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், உங்கள் மாவு வேண்டாம். யாராவது பால் பவுடர் டப்பாக்களை நன்கொடையாகத் தந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருள்களை ஊக்குவிப்பதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கொல்லையில் என்ன வைக்கலாம்

மழை குறைந்த செம்மண் பூமியில் பத்து வகைக் காய்த்தோட்டம் என்று தொடங்கினால் சித்திரையில் எல்லாம் கருகும். முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, சுண்டை, கொடிப்பசலை ஆகிய ஐந்தும் பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே பிழைக்கும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.-1 முருங்கையை விதை மூலம் வைக்கலாம். முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டுக் கைக்கெட்டும் உயரத்தில் இலை கிடைக்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும்போது பயந்து மரத்தையே வெட்டிவிடுவார்கள். காலையில் அடிமரத்தில் கூட்டமாக இருக்கும்போதே தீப்பந்தம் காட்டி அழிக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விதைக்கும் யோசனைக்கும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேளுங்கள்.

பதிவும் பணமும்

முதல் ஆறு மாதத்துக்கு அமைப்பைப் பதிய வேண்டியதில்லை. மகளிர் குழுவோடு சேர்ந்தே செய்யலாம். வேலை நிலைத்த பிறகு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதியுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கை மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அறக்கட்டளைக்குப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிந்தால் போதும், ஆனால் அறங்காவலர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்றால் வெளியார் பணம் தரத் தயங்குவார்கள். ஊரார் கேள்வி கேட்கும் வசதி இருப்பதால் சங்கமே மேல் என்பது எங்கள் கருத்து.

பிறகு பான் அட்டை, வங்கிக் கணக்கு, தன்னார்வ அமைப்புகளைப் பதியும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் எண். 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) என்று எல்லோரும் சொல்லும் வருமானவரிப் பதிவுகளும் வேண்டும். 2025-ஆம் ஆண்டுப் புதிய வருமானவரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டதால் படிவத்தை ஆடிட்டர் மூலமே போடுங்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்காது.

செட்டிநாட்டில் அதிகம் பேர் இடறி விழும் இடம் வெளிநாட்டுப் பணம். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் உறவினர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், வங்கி மூலம் அவர் அனுப்பும் சொந்தப் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், அவர் உங்கள் சொந்தப் பெரியப்பா மகனே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பணம் கணக்கில் விழுந்த பிறகு கேட்பதில் பயனில்லை. முதலிலேயே கடவுச்சீட்டைக் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

கட்டடம் என்றால் கொடுப்பார்கள், கல்வெட்டும் வைக்கலாம். தராசுக்கும் தன்னார்வலர் பஸ் கட்டணத்துக்கும் கேட்டால் யோசிப்பார்கள். அதற்கு வழி, ஒரு வீட்டுக்கு ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு "இத்தனை வீடு" என்று கேட்பது. வாங்குபவர்களின் முகத்தை மட்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள். கணக்கு அனுப்புங்கள்.

மறுபடி எண்ணுவது

ஆறாம் மாதம் அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேளுங்கள். கேட்பவரும் முடிந்தால் அதே ஆளாக இருக்கட்டும். மாதத்தைக் கவனியுங்கள். பங்குனி, சித்திரையில் வற்றல், வடகம் போடும்போது உப்பு பல கிலோ கூடுதலாக வாங்குவார்கள். தீபாவளி மாதம் எண்ணெய் ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் விலை ஏறி வாங்குவது குறையும். ஆகவே ஆறு மாதக் கணக்கை வேலை போகும் திசை தெரிய மட்டும் வையுங்கள். உண்மையான ஒப்பீட்டுக்கு மறு ஆண்டு அதே மாதக் கணக்கு வேண்டும். கிடைத்த எண்களை ஒரே தாளில் எழுதி கிராம சபையில் வாசியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம் உண்டு. பேச நேரம் வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.